ஒரு பிடி மணலும் ஓடும் மோட்டார் சைக்கிளும்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கத்தில் காற்றின் குணமே மாறிவிடும். செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் என்னும் வாசல் ஒன்று இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசல் வழியே புகுந்து சமவெளியின் மேல் வீசுகிறது. குற்றாலத்தில் சாரல் விழுகிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் தண்ணீர் கொட்டுகிறது. சீசன் வந்துவிட்டது என்று நாலா பக்கத்திலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள். அவர்களில் பலர் வருவது மோட்டார் சைக்கிளில்.

அவர்கள் வரும் சாலைகள் எவை? திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஒன்று. இதன் எண் 744. முன்பு 208 என்று இருந்தது. திருநெல்வேலியிலிருந்து ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாக வரும் சாலை மற்றொன்று. இவற்றின் மேல் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் கேரளம் நோக்கிப் போகின்றன. காய்கறி லாரிகள் போகின்றன. வைக்கோல் வண்டிகள் போகின்றன. ஒவ்வொன்றும் போகிற போக்கில் எதையாவது சிந்திவிட்டுத்தான் போகிறது.

சாலையில் சிந்திய ஒரு பிடி மணல் பேருந்தை ஒன்றும் செய்யாது. காரும் கவலைப்படாது. ஆனால் அதே ஒரு பிடி மணல் ஒரு மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிடும். ஏன் இந்த வேறுபாடு? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை சொல்லும். உங்களில் பெரும்பாலோர் இன்னும் 18 வயதை எட்டாதவர்கள். உரிமம் பெறாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது. ஆனால் அப்பாவின் பின்னாலோ அண்ணனின் பின்னாலோ நீங்கள் உட்கார்ந்து போகிறீர்கள், சைக்கிளும் ஓட்டுகிறீர்கள். இரண்டு சக்கரத்தின் விதி எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டு உள்ளங்கை அளவு இடம்

ஓடும் மோட்டார் சைக்கிளில் டயர் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? முன்சக்கரத்தில் ஏறத்தாழ உங்கள் உள்ளங்கை அளவு. பின்சக்கரத்தில் இன்னோர் உள்ளங்கை அளவு. அவ்வளவுதான். வண்டியை ஓடச் செய்வது, நிறுத்துவது, திருப்புவது ஆகிய மூன்று வேலைகளையும் இந்த இரண்டு உள்ளங்கைகளும் தரையைப் பற்றிக்கொண்டுதான் செய்ய வேண்டும். அந்தப் பற்றுதலின் பெயரே உராய்வு.

உராய்வு விசை தொடும் பரப்புகளின் தன்மையையும் அவற்றை அழுத்தும் விசையையும் பொறுத்தது என்று 1699இல் பிரெஞ்சு அறிஞர் அமான்டன் எடுத்துக்காட்டினார். அழுத்தும் விசையை உராய்வுக் குணகத்தால் பெருக்கினால் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய உராய்வு விசை வந்துவிடும். ரப்பர் டயர் இந்த விதிக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை என்றாலும் நம் கணக்குக்கு இது போதும். உலர்ந்த தார்ச்சாலைக்கு இக்குணகத்தை 0.7 என்றும், நனைந்த சாலைக்கு 0.5 என்றும், மணல் சிந்திய சாலைக்கு 0.35 என்றும் வைத்துக்கொள்வோம். டயருக்கு டயர், சாலைக்குச் சாலை இவை மாறும்.

மணல் வந்ததும் குணகம் ஏன் பாதியாகிறது? சைக்கிள் கடையில் பால்ரஸ் குண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அச்சுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அவை உருள்வதால்தான் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது. மணல் துகள்களும் டயருக்கும் தாருக்கும் நடுவே அதே வேலையைத்தான் செய்கின்றன. டயர் தாரைப் பற்றவில்லை, மணலைப் பற்றுகிறது. மணலோ உருண்டு ஓடிவிடுகிறது. சாலையில் காயப்போட்ட நெல்லும், உதிர்ந்த பயறு மணிகளும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். வைக்கோலோ வேறு வகை: அது தாரின் மேல் பாய் விரித்ததுபோல் கிடந்து, டயரோடு சேர்ந்து தானும் வழுக்குகிறது. நனைந்த இலைச் சருகும் அப்படியே.

நான்கு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்ற மூன்றும் வண்டியைத் தாங்கும். மோட்டார் சைக்கிளில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டியைச் சமன் செய்யும் வழியே போய்விடுகிறது. ஏனெனில் இரு சக்கர வண்டி விழாமல் ஓடுவதே, அது சாயும் பக்கமாக முன்சக்கரம் சற்றுத் திரும்பி, சாய்ந்த எடைக்கு அடியில் மீண்டும் வந்து நிற்பதால்தான். தரையில் பிடிப்பில்லாத சக்கரம் திரும்பி என்ன பயன்?

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. அதாவது விநாடிக்கு 16.7 மீட்டர். சாலையில் ஏதோ கிடக்கிறது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை பிரேக்கைப் பிடிக்க 1 விநாடி என்று கொள்வோம். அந்த 1 விநாடியில் வண்டி வேகம் குறையாமலே 16.7 மீட்டர் ஓடிவிடுகிறது.

பிறகு பிரேக் வேலை செய்கிறது. நிற்கும்வரை ஓடும் தூரம், வேகத்தின் இருமடியை (2 × உராய்வுக் குணகம் × 9.8) ஆல் வகுத்தால் கிடைக்கும். இரண்டு தூரங்களையும் கூட்டினால்:

உலர்ந்த சாலையில்: 17 + 20 = 37 மீட்டர்.
நனைந்த சாலையில்: 17 + 28 = 45 மீட்டர்.
மணல் பரவிய சாலையில்: 17 + 40 = 57 மீட்டர்.

இந்தச் சூத்திரத்தில் வண்டியின் எடை எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கனமான வண்டி கெட்டியாக நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். எடை கூடினால் உராய்வு விசை கூடுவது உண்மை. ஆனால் நிறுத்த வேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறதே!

இரவில் என்ன ஆகிறது? எதிரே வண்டி வருவதால் விளக்கை டிம் செய்கிறோம். வெளிச்சம் 40 மீட்டர் வரை விழுவதாகக் கொள்வோம். நனைந்த சாலையில் நிற்க 45 மீட்டர் வேண்டுமே! கண்ணுக்குத் தெரிந்த பிறகு பிரேக் பிடித்தாலும் அந்தக் கல்லின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும். வேகத்தை மணிக்கு 40 கி.மீ. ஆக்கிப் பாருங்கள்: 11 + 13 = 24 மீட்டர். இப்போது 16 மீட்டர் மிச்சம் இருக்கிறது. ‘விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்க முடிந்த வேகமே இரவின் வேகம்’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒதுங்கிப் போய்விடலாமே?

நிற்பதற்குப் பதில் ஒதுங்கிவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அதையும் கணக்கிடுவோம். மோட்டார் சைக்கிள் 1 மீட்டர் பக்கவாட்டில் விலக வேண்டும். முதல் அரை மீட்டருக்கு அது பக்கவாட்டில் முடுக்கம் பெற வேண்டும். அடுத்த அரை மீட்டரில் அந்தப் பக்கவாட்டு வேகத்தை இழந்து நேராக வேண்டும். பக்கவாட்டு முடுக்கம் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு பாதிக்கும் 0.58 விநாடி ஆகும். இரண்டும் சேர்ந்து 1.15 விநாடி. அதோடு பார்த்து உணரும் 1 விநாடியையும் கூட்டுங்கள்: 2.15 விநாடி. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இதற்குள் வண்டி 36 மீட்டர் முன்னே போய்விடும்!

உலர்ந்த சாலையில் முழுதாக நிற்பதற்கே 37 மீட்டர்தான் வேண்டும் என்று கண்டோம். ஒதுங்குவது அப்படியொன்றும் குறுக்கு வழியல்ல என்பது புரிகிறதல்லவா? மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நிற்க 20 மீட்டர் போதும்; ஒதுங்க 24 மீட்டர் வேண்டும். மெதுவாகப் போகிறவருக்குப் பிரேக்கே நல்ல நண்பன். மேலும் ஒதுங்குகிறவர் எங்கே ஒதுங்குகிறார்? எதிரே வரும் லாரியின் பக்கமா, பின்னால் வரும் பேருந்தின் பக்கமா என்பது வேறு கேள்வி.

அனுபவமுள்ள ஓட்டிகள் இன்னொன்றும் சொல்வார்கள். கல்லையே உற்றுப் பார்த்துக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் அந்தக் கல்லின் மேலேயே ஏற்றிவிடுகிறார். கண் போகும் இடத்துக்குத் தோளும் கையும் தாமே திரும்பிவிடுகின்றன. கல்லைக் கண்டவுடன் பார்வையைக் கல்லுக்குப் பக்கத்திலுள்ள வெற்றிடத்துக்கு மாற்ற வேண்டும். சைக்கிளில் சாணியைத் தவிர்க்கப் பார்த்து அதிலேயே ஏற்றியவர்களுக்கு இது நன்றாக விளங்கும்.

வளைவில் நடக்கும் வரவு செலவு

புளியரைக்கு மேலே சாலை மலையில் வளைந்து வளைந்து ஏறுகிறது. வளைவில் போகும் வண்டிக்கு மையநோக்கு விசை வேண்டும். அதைக் கொடுப்பதும் அந்த இரண்டு உள்ளங்கை அளவு உராய்வுதான். தேவைப்படும் உராய்வுக் குணகம் எவ்வளவு? வேகத்தின் இருமடியை, வளைவின் ஆரத்தாலும் 9.8 ஆலும் வகுக்க வேண்டும்.

ஆரம் 30 மீட்டர் உள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் தேவை 0.085.
மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் தேவை 0.34.
மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் தேவை 0.77.

உலர்ந்த சாலை தரக்கூடியது 0.7 என்றோம். ஆகவே 54 கி.மீ. வேகத்தில் இந்த வளைவு நல்ல சாலையிலேயே ஆகாது. மணிக்கு 36 கி.மீ. உலர்ந்த சாலையில் சுகமான வேகம். ஆனால் அங்கே மணல் சிந்தியிருந்தால் கிடைப்பது 0.35, தேவையோ 0.34. கத்தி முனையில் நடப்பது போன்றது இது. வேகத்தைப் பாதியாக்கினால் தேவை கால் பங்காகி, மணலிலும் தாராளமாகத் திரும்பலாம்.

அந்தக் கத்தி முனையில் ஒருவர் பயந்துபோய்ப் பிரேக்கையும் பிடித்தால்? இங்கே பைதாகரஸ் வருகிறார். டயர் தரக்கூடிய மொத்த உராய்வை 5 பங்கு என்று கொள்ளுங்கள். திரும்புவதற்கான விசை வண்டிக்குக் குறுக்கே செயல்படுகிறது; பிரேக் விசை வண்டியின் நீளவாக்கில் செயல்படுகிறது. இரண்டும் செங்குத்து. திரும்ப 4 பங்கு செலவானால் பிரேக்குக்கு 3 பங்கு மிச்சம் உண்டு; ஏனெனில் 16 + 9 = 25. திரும்புவதற்கே 5 பங்கும் செலவானால் பிரேக்குக்கு மிச்சம் ஒன்றுமில்லை. அப்போது பிரேக் பிடிப்பது பணமில்லாத கணக்கில் செக் எழுதுவது போலத்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

எனவே வேகத்தைக் குறைக்கும் வேலையை எல்லாம் வளைவுக்கு முன்னே, வண்டி நேராக நிமிர்ந்திருக்கும்போதே முடித்துவிட வேண்டும். எதிர்பாராமல் மணல் திட்டில் ஏறிவிட்டால் திடீரென்று எதையும் செய்யாமலிருப்பதே சிறந்தது: பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முறுக்காமல், இயன்றவரை வண்டியை நிமிர்த்தி, நேராக அந்தத் திட்டைக் கடந்துவிட வேண்டும். நேராக ஒரே வேகத்தில் உருளும் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது.

மணல் எங்கே ஒளிந்திருக்கும்?

லாரி வளைவில் திரும்பும்போது மேலே நிரம்பிய ஜல்லி, நிலைமத்தால் நேராகவே போக முயல்கிறது. ஆகவே அது வளைவின் வெளிப்பக்கம் சிந்துகிறது. மழைநீரோ மலைச்சரிவின் மண்ணைக் கொண்டுவந்து வளைவின் தாழ்ந்த உள்பக்கத்தில் சேர்க்கிறது. சமவெளிச் சாலையில், வண்டிகளின் சக்கரம் ஓடும் இரண்டு தடங்களும் ஓயாமல் பெருக்கப்பட்டுச் சுத்தமாக இருக்கின்றன. ஒதுக்கப்பட்ட மணல் இரண்டு தடங்களுக்கும் நடுவிலும் சாலையின் ஓரத்திலும் சேர்கிறது. நடுப்பட்டையில் என்ஜின் எண்ணெயும் சொட்டியிருக்கும். ஆகையால் மோட்டார் சைக்கிளுக்கு நல்ல பாதை, முன்னே சென்ற கார்களின் சக்கரத் தடமே.

குற்றாலத்துச் சாரலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. கனமழை சாலையைக் கழுவிவிடும். சாரல் கழுவாது, நனைக்க மட்டும் செய்யும். தூசியும் எண்ணெயும் அந்த ஈரத்தில் குழைந்து மெல்லிய சேற்றுப் படலமாகித் தாரின் மேல் படிகிறது. உடம்புக்கு இதமான அந்தத் தூறல் டயருக்கு இதமானதல்ல. அதோடு பருவக்காற்றில் முறிந்து விழும் கிளைகள், தென்னை மட்டைகள், நனைந்த சருகு, சுற்றுலா வந்தவர்கள் எறிந்த பழத்தோல், பாட்டில் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. உருளும் பாட்டில் ஒரு பெரிய பால்ரஸ் குண்டுதானே!

ஒரு கல், ஒரு சக்கரம்

பழுதாகி நின்ற லாரிக்கு முட்டுக் கொடுத்த கல்லை, லாரி புறப்பட்டதும் அப்படியே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் நம் நாட்டில் உண்டு. அந்தக் கல்லைச் சக்கரம் சந்தித்தால் என்ன நடக்கும்?

சக்கரத்தின் ஆரம் 30 செ.மீ. என்றும் கல்லின் உயரம் 6 செ.மீ. என்றும் கொள்வோம். கல்லின் விளிம்பைச் சுழற்சிப் புள்ளியாக வைத்துத் திருப்புத்திறன்களை எழுதுங்கள். அச்சு அந்த விளிம்புக்கு மேலே 24 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கிடைத் தூரம் 18 செ.மீ.; ஏனெனில் 18, 24, 30 ஒரு செங்கோண முக்கோணம். எடை × 18 = தள்ளும் விசை × 24. ஆகவே சக்கரத்தை மெதுவாக மேலேற்ற, அதன் மேலுள்ள எடையில் முக்கால் பங்கு விசை வேண்டும். கல்லின் உயரம் இரு மடங்காகி 12 செ.மீ. ஆனால்? இப்போது எடை × 24 = விசை × 18. எடையைக் காட்டிலும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலான விசை தேவை! வேகமாக மோதும்போது இந்த விசை ஒரு கண நேரத்தில் பன்மடங்காகப் பாய்கிறது. ரிம் நெளிவதும் டயர் வெடிப்பதும் அப்போதுதான்.

சிறிய கற்களை டயரிலுள்ள காற்றே விழுங்கிக்கொள்கிறது. காற்றடைத்த டயருக்கு இராபர்ட் தாம்சன் என்பவர் 1845இலேயே காப்புரிமை பெற்றார். அது மறக்கப்பட்டு, 1888இல் டன்லப் தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காக மீண்டும் கண்டுபிடித்தார். காற்று குறைந்த டயரில் கல் ரப்பரைத் தாண்டி ரிம்மையே தொட்டுவிடும். எனவே நெடும்பயணத்துக்கு முன் காற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

கல்லின் மேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், பிரேக்கைப் பிடித்தபடியே ஏறலாமா? வண்டியும் ஆளும் சேர்ந்து 200 கிலோ, ஈர்ப்பு மையம் 0.6 மீட்டர் உயரத்தில், சக்கரங்களின் இடைவெளி 1.3 மீட்டர் என்று கொள்வோம். எதிர்முடுக்கம் விநாடிக்கு விநாடி 5 மீட்டர். அப்போது 200 × 5 × 0.6 ÷ 1.3 = 460 நியூட்டன் அளவு பளு பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு மாறுகிறது. சாதாரணமாக ஒவ்வொரு சக்கரத்திலும் 980 நியூட்டன் இருந்தது. இப்போது முன்னே 1440, பின்னே 520. முன்பக்க ஸ்பிரிங் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கிறது. கல்லின் அதிர்ச்சியை வாங்க அதில் இடமில்லை. ஆகவே கல்லுக்கு முன்பே இயன்றவரை பிரேக் பிடித்து, சக்கரம் கல்லைத் தொடும் வேளையில் பிரேக்கை விட்டுவிட வேண்டும். ஓட்டுகிறவர் காலால் ஊன்றிச் சற்றே எழுந்து நின்றால், முழங்கால்களும் ஸ்பிரிங்குகளாகி விடுகின்றன.

மற்றொன்று: கிளை, குழாய், கயிறு, ரயில் தண்டவாளம் போன்ற நீண்ட பொருள்களைச் செங்குத்தாகவே கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் அப்பொருள் தரும் எதிர்விசையின் ஒரு கூறு, சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும்.

பறந்து வரும் கல்

எல்லாக் கல்லும் தரையில் கிடப்பதில்லை. லாரியின் பின்பக்க இரட்டை டயர்களுக்கு நடுவிலும் டயரின் பள்ளங்களிலும் ஜல்லிக்கல் சிக்கிக்கொள்ளும். சக்கரம் சுழலச் சுழல அது விடுபட்டுப் பறக்கும்.

லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. பின்னால் மோட்டார் சைக்கிளும் அதே வேகத்தில் வருகிறது. லாரியில் உட்கார்ந்து பார்ப்பவரின் கணக்குப்படி, டயரின் விளிம்பு விநாடிக்கு 16.7 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. கல் 45 பாகைக் கோணத்தில் பின்னோக்கி விடுபட்டால் அதன் வீச்சு மிகப் பெரியது என்று எறிபொருள் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். வேகத்தின் இருமடி ÷ 9.8 = 28 மீட்டர். பின்னால் வருபவரும் லாரியின் வேகத்திலேயே வருவதால் இந்தக் கணக்கு அவருக்கும் அப்படியே பொருந்தும். காற்றின் விளைவை விட்டுவிட்டால், லாரிக்கு 28 மீட்டருக்குள் வருகிறவரே கல்லுக்கு இலக்காகிறார். அந்தக் கல் அவர்மேல் விநாடிக்கு ஏறத்தாழ 16 மீட்டர் வேகத்தில் மோதக்கூடும்.

28 மீட்டரைச் சாலையில் எப்படி அளப்பது? முன்னே செல்லும் லாரி ஒரு மைல்கல்லைக் கடக்கும்போது ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று’ என்று நிதானமாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகே உங்கள் வண்டி அந்த மைல்கல்லை அடைய வேண்டும். 3 விநாடிக்கு 50 மீட்டர். கல்லும் எட்டாது, லாரியின் அடியிலிருந்து திடீரென வெளிப்படும் குழியையும் கட்டையையும் பார்க்க நேரமும் கிடைக்கும். பின்னால் உட்கார்ந்திருக்கும் நீங்களே எண்ணி அண்ணனுக்குச் சொல்லலாமே!

எதிரே வரும் லாரியிலிருந்து உதிரும் கல் இன்னும் கொடியது. இருவரும் மணிக்கு 60 கி.மீ. என்றால் சார்புத் திசைவேகம் விநாடிக்கு 33 மீட்டர். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு. 57 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகம் அது. குற்றாலப் பேரருவியின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர் என்பார்கள். அருவியின் உச்சியிலிருந்து விழுந்த கல் முகத்தில் பட்டால் எப்படியோ அப்படி!

தலைக்கொரு பொங்குமாங்கடல்

அவ்வளவு உயரத்திலிருந்து விழும் பேரருவியின் அடியில் மக்கள் எப்படித் தலையைக் காட்டிக் குளிக்கிறார்கள்? நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகத்தை இழந்து, பிறகே பொங்கி வழிந்து கீழே வருகிறது. பாறையில் அமைந்த அந்தப் பள்ளம் அருவிக்குச் செய்வதைத்தான் தலைக்கவசம் நம் தலைக்குச் செய்கிறது.

வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வண்டி சாய்ந்து தலை தரையில் மோதினால், எதிர்முடுக்கம் எவ்வளவு? விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். வெறும் தலை 3 மி.மீ. தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கொண்டால் 500. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 500 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளேயுள்ள தெர்மோகோல் போன்ற நுரைப்பொருள் 3 செ.மீ. நசுங்கிக் கொடுத்தால் 50 மடங்கு. நுரை நசுங்குவது தலையைக் காப்பதற்காகவே. ஆகவே ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வார் மாட்டாத தலைக்கவசம் முதல் அதிர்ச்சியிலேயே கழன்று போகும்.

இந்த அறிவு பெரும் விலை கொடுத்துப் பெறப்பட்டது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி. ஈ. லாரன்ஸ் 1935 மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்களைத் தவிர்க்க ஒதுங்கி விழுந்து, தலையில் அடிபட்டு, 6 நாளில் இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். அவர் படைவீரர்களின் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941இல் எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் தூதுச் செய்தி கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. நம் நாட்டில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, ஓட்டுகிறவர் மட்டுமன்றிப் பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். கண்ணாடி முகமூடியை இறக்கிவிட்டால் பறந்துவரும் கல்லுக்கும் தூசிக்கும் அதுவே தடுப்பு.

நாம் செய்யக்கூடியது

சாலையிலுள்ள ஒவ்வொரு கல்லையும் யாரோ ஒருவர் போட்டிருக்கிறார் அல்லது எடுக்காமல் விட்டிருக்கிறார். பாரத்தின் மேல் தார்ப்பாய் கட்டினால் ஜல்லி சிந்தாது. முட்டுக் கல்லை உருட்டி ஓரத்தில் விட ஒரு நிமிடம் போதும். நெல்லைச் சாலையில் காயப்போடும் பெரியவர்களிடம், நீங்கள் பால்ரஸ் குண்டைக் காட்டியே விளக்கலாம். தேசிய நெடுஞ்சாலையில் பெரிய தடை கிடப்பதைப் பார்த்தால் 1033 என்ற உதவி எண்ணுக்கும், யாருக்காவது அடிபட்டிருந்தால் 108க்கும் சொல்லுங்கள். ஆனால் ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்கி நீங்களே எடுக்க முயலாதீர்கள். உங்களுக்காக லாரி நிற்கவும் அதே 37 மீட்டரும் அதற்கு மேலும் வேண்டும்.

பின்னால் அமர்ந்து போகும்போது ஓட்டுகிறவரைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, அவர் சாயும் அளவே சாயுங்கள். வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், அதே திருப்பத்துக்கு வண்டி இன்னும் கூடுதலாகச் சாய வேண்டியிருக்கும்.

செய்து பாருங்கள்

ஒரு பலகையின் மேல் பழைய சைக்கிள் டயர்த் துண்டு ஒன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். டயர் வழுக்கத் தொடங்கும்போது தூக்கிய முனையின் உயரத்தையும், அதற்கு நேர் கீழிருந்து மறு முனை வரையுள்ள கிடைத் தூரத்தையும் அளந்து, முன்னதைப் பின்னதால் வகுங்கள். கிடைப்பதே உராய்வுக் குணகம். அடுத்து பலகையை நனைத்துச் செய்யுங்கள். அதன் பிறகு உலர்ந்த மணலைத் தூவியும், நனைந்த இலைகளைப் பரப்பியும் செய்யுங்கள். நான்கு விடைகளையும் வரிசையாக எழுதுங்கள்.

பயிற்சிக் கணக்குகள்

1. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் நனைந்த சாலையில் நிற்க மொத்தம் எவ்வளவு தூரம் வேண்டும்?

2. ஆரம் 20 மீட்டர் உள்ள வளைவில் மணல் சிந்தியிருக்கிறது. வழுக்காமல் திரும்பக்கூடிய மிகப் பெரிய வேகம் என்ன?

3. உங்கள் சைக்கிளின் சக்கர ஆரத்தை அளந்து, 6 செ.மீ. உயரக் கல்லை ஏற எடையில் எத்தனை பங்கு விசை வேண்டும் என்று காணுங்கள். சின்னச் சக்கரமுள்ள ஸ்கூட்டருக்கும் அதையே செய்து ஒப்பிடுங்கள். எதற்குக் கல் பெரிய கல்லாகத் தெரிகிறது?

(விடைகள்: 1. ஏறத்தாழ 73 மீட்டர். 2. விநாடிக்கு 8.3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. மூன்றாவதன் விடை உங்கள் அளவு நாடாவில் இருக்கிறது.)